விதைக்கு முன் வரம்பு: தரவுத்தளத்தைத் தானாக அமைக்கும் மென்பொருள்கள்

தம்பலகாமத்தில் சிறுபோகம் தொடங்கும்போது யாரும் முதல் நாளே விதைநெல்லைக் கொண்டுபோய் வயலில் வீசுவதில்லை. முதலில் வரம்பு கட்ட வேண்டும். உழுது மட்டப்படுத்த வேண்டும். வாய்க்காலைத் துப்புரவாக்க வேண்டும். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வயலுக்கு வந்து சேர வேண்டும். அதன் பிறகுதான் விதைப்பு. வெளியூரிலிருந்து வந்து பார்ப்பவருக்குப் பச்சைப் பயிர்தான் தெரியும். பயிருக்கு முன்னால் நடந்த வேலை தெரியாது.

கணினியில் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இயங்குகின்றன. நூலகத்தில் புத்தகம் இரவல் கொடுக்கும் மென்பொருள், வைத்தியசாலையில் நோயாளரைப் பதியும் மென்பொருள், பாடசாலையில் புள்ளிகளைக் கணக்கிடும் மென்பொருள் ஆகிய எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தரவுத்தளம் இருக்கிறது. மென்பொருள் விதை என்றால் தரவுத்தளம்தான் வயல். அந்த வயலைப் பண்படுத்துகின்ற வேலையை மனிதரிடமிருந்து கணினியே பொறுப்பேற்பது எப்படி, அதில் எதைக் கணினியிடம் விடலாம், எதை விடக்கூடாது என்பதுதான் இக்கட்டுரையின் பொருள். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் படிக்கும் தோழியருக்கு இதன் ஒரு பகுதி பாடமாகத் தெரிந்திருக்கும். ஏனையோருக்கும் விளங்கும்படி அடியிலிருந்தே சொல்கிறேன்.

தரவுத்தளம் என்பது என்ன?

ஒரு நூலகத்தை எடுத்துக்கொள்வோம். புத்தகங்களுக்கு ஒரு பதிவேடு, அங்கத்தவர்களுக்கு ஒரு பதிவேடு, யார் எதை எப்போது எடுத்தார் என்பதற்கு ஒரு பதிவேடு என்று மூன்று இருக்கும். இந்த மூன்று பதிவேடுகளையும் மூன்று அட்டவணைகளாக மாற்றி, ஒன்றோடொன்று தொடர்புபடுத்திக் கணினியில் வைத்தால் அது உறவுநிலைத் தரவுத்தளம். அதைப் பாதுகாத்து, கேட்டதை எடுத்துக் கொடுக்கும் மென்பொருளுக்குத் தரவுத்தள முகாமைத்துவ முறைமை என்று பெயர். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் என்பவை இவற்றுள் பிரபலமானவை. இவை இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை. மைஎஸ்கியூஎல் என்ற பெயரின் முதற்பகுதி, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் தம் மகள் 'மை' என்பவரின் பெயரிலிருந்து எடுத்தது. அதிலிருந்து பின்னர் பிரிந்த மரியாடிபி அவருடைய இளைய மகளின் பெயரைத் தாங்கியது. உலகின் எத்தனையோ இணையத்தளங்கள் இரண்டு பெண்பிள்ளைகளின் பெயர்களின் மேல் நிற்கின்றன என்பது நம் சஞ்சிகையில் சொல்லத்தக்க செய்திதானே.

கையால் அமைத்தால் எத்தனை படி?

இனி அந்த நூலக மென்பொருளை ஒரு புதிய கணினியில் நிறுவ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மென்பொருளைப் பிரதி செய்வது மட்டும் போதாது. கையால் செய்பவர் பின்வரும் படிகளைக் கடக்க வேண்டும்.

முதலில் தரவுத்தள முகாமைத்துவ முறைமையை நிறுவி இயக்க வேண்டும். இரண்டாவதாக நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடுத்து அதற்குள் நுழைய வேண்டும். மூன்றாவதாக வெறுமையான தரவுத்தளம் ஒன்றை உருவாக்கிப் பெயரிட வேண்டும். நான்காவதாக அந்த மென்பொருளுக்கென்று தனியே ஒரு பயனரையும் கடவுச்சொல்லையும் உண்டாக்க வேண்டும். ஐந்தாவதாக அந்தப் பயனருக்கு அந்தத் தரவுத்தளத்தின் மேல் மட்டும் அதிகாரம் வழங்க வேண்டும். ஆறாவதாக அட்டவணைகளை ஆக்கும் கட்டளைகள் அடங்கிய கோப்பை ஓடவிட வேண்டும். ஏழாவதாகத் தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், சேவையகத்தின் முகவரி ஆகிய நான்கையும் மென்பொருளின் அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். எட்டாவதாக எல்லாவற்றையும் மீள இயக்கிச் சரிபார்க்க வேண்டும்.

எட்டும் தனித்தனியே கடினமானவை அல்ல. ஆனால் நான்காம் படியில் கொடுத்த கடவுச்சொல்லுக்கும் ஏழாம் படியில் எழுதியதற்கும் ஓரெழுத்து வேறுபட்டாலும் "அனுமதி மறுக்கப்பட்டது" என்ற ஒரே ஒரு வரிதான் திரையில் வரும். எந்தப் படியில் பிழை என்று அந்த வரி சொல்லாது. அனுபவம் உள்ளவர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிப்பார். அனுபவம் இல்லாதவர் ஒரு நாள் முழுக்கத் தேடிவிட்டு, கணினியை மூடிவைத்துவிட்டுப் போய்விடுவார்.

நான் அறிந்த ஒரு சிறிய நூலகத்தில் இப்படி நடந்தது. எங்கள் பகுதியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், நாங்கள் காக்கா என்று அழைப்பவர், விடுமுறை நாட்களில் வந்திருந்து அங்கிருந்த புத்தகங்களையெல்லாம் கணினியில் பதிந்து கொடுத்தார். பிறகு தொழிலுக்காகக் கட்டார் போய்விட்டார். அடுத்த ஆண்டு கணினி பழுதாகி, திருத்துபவர் அதைப் போமட் பண்ணிக் கொடுத்தார். புத்தகப் பட்டியலின் பிரதி பென் டிரைவில் பத்திரமாக இருந்தது. மென்பொருளின் பிரதியும் இருந்தது. இரண்டையும் இணைக்கும் அந்த எட்டுப் படிகள் மட்டும் எவருக்கும் தெரியவில்லை. காக்காவின் தலைக்குள் இருந்த அறிவு அவரோடு விமானம் ஏறிவிட்டது. நூலகம் மீண்டும் நீலக்கோடு போட்ட கொப்பிக்குத் திரும்பியது. இதில் யாரையும் குறைசொல்ல முடியாது. தரவு அழியவில்லை, ஆனாலும் பயன்படவில்லை. தானாக அமைத்தல் என்பது சோம்பேறிகளுக்கான வசதி என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் இருக்கும் அறிவை, அவர் இல்லாத இடத்திலும் வேலை செய்யும்படி எழுதிவைப்பதுதான் அதன் உண்மையான பயன்.

தமிழுக்கு மட்டும் வரும் இடர்

மேலே சொன்ன மூன்றாம் படியில் நம் மொழிக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. தரவுத்தளத்தை உருவாக்கும்போது எந்த எழுத்துக் குறியாக்கம் என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் முறைமை தன் இயல்பிருப்பை எடுத்துக்கொள்ளும். மைஎஸ்கியூஎல் நீண்ட காலமாக வைத்திருந்த இயல்பிருப்பு மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1. அதில் மொத்தம் 256 இடங்கள்தான். தமிழுக்கு ஓர் இடமும் இல்லை. 2018 இல் வெளிவந்த 8.0 பதிப்பில்தான் யூனிகோட் குறியாக்கம் அதன் இயல்பிருப்பாயிற்று.

யூனிகோட்டின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் இடத்தை எடுக்கும். 'தம்பலகாமம்' என்ற சொல்லில் புள்ளிகளையும் கால்குறியையும் சேர்த்துப் பத்துக் குறியீடுகள். ஆகவே அதற்கு 30 பைட் வேண்டும். லத்தீன்-1 இல் அமைந்த அட்டவணைக்குள் இந்தச் சொல்லை அனுப்பினால், கண்டிப்பான அமைப்பில் முறைமை அதை ஏற்க மறுக்கும். கண்டிப்பில்லாத அமைப்பிலோ பத்துக் கேள்விக்குறிகளாக மாற்றி எழுதிவிடும். அந்தக் கேள்விக்குறிகளிலிருந்து ஊரின் பெயரை மீட்க எந்த வழியும் இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் பரிசோதித்துப் பார்த்தவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். ஆயிரம் தமிழ்ப் பெயர்கள் பதிந்த பிறகுதான் விஷயம் வெளிவரும்.

நன்றாக எழுதப்பட்ட நிறுவல் நிரல் இதை மறப்பதில்லை. தரவுத்தளத்தை யூனிகோட்டில்தான் உருவாக்க வேண்டும் என்று அதில் ஒருமுறை எழுதிவிட்டால் போதும். அது நிறுவப்படும் ஒவ்வொரு கணினியிலும் தமிழ் பிழைத்துக்கொள்ளும்.

சுனாமி கற்றுத் தந்தது

இந்த விஷயத்தில் உலகம் எடுத்துக்காட்டும் ஒரு மென்பொருள் நம் நாட்டிலேயே பிறந்தது. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது நாங்கள் பிறந்திருக்கவில்லை. ஆனால் திருகோணமலை மாவட்டத்தில் அந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை இல்லை. இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இலட்சக்கணக்கானோர் வீடுவாசல் இழந்து பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் தங்கினார்கள். யார் எந்த முகாமில் இருக்கிறார், யாரைக் காணவில்லை, எந்த முகாமுக்கு என்ன தேவை, எந்த அமைப்பு எங்கே உதவுகிறது என்பதை ஒரே இடத்தில் பார்க்க வழி இருக்கவில்லை. ஒரு முகாமுக்குப் பொருட்கள் குவிய, இன்னொரு முகாம் காத்திருந்தது.

அந்த நாட்களில் இலங்கையின் கணினித் துறைத் தொண்டர்கள் ஒன்றுகூடி, லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷனின் துணையோடு சில வாரங்களில் உருவாக்கிய மென்பொருள்தான் 'சஹன'. சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு நிவாரணம், ஆறுதல் என்று பொருள். காணாமற்போனோர் பதிவேடு, உதவி அமைப்புகளின் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, உதவிக் கோரிக்கைகளைக் கையாளும் பகுதி ஆகியவை அதன் அங்கங்கள். அடியில் இருந்தது மைஎஸ்கியூஎல் தரவுத்தளம். யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய திறந்த மூல மென்பொருளாக அதை வெளியிட்டார்கள்.

அது நம் நாட்டோடு நிற்கவில்லை. 2005 இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சி, 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவும் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா பூமியதிர்ச்சியும், 2007 இல் பெரு, 2008 இல் சீனாவின் சிச்சுவான், 2010 இல் ஹெய்ட்டி என்று அனர்த்தம் நடந்த இடங்களுக்கெல்லாம் அது போயிற்று. சமூக நன்மைக்கான திட்டங்களுக்குக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் 2006 ஆம் ஆண்டு விருதும் அதற்குக் கிடைத்தது.

ஓர் அனர்த்தத்தின் நடுவே புதிதாக ஒரு மென்பொருளை நிறுவும் ஒருவரை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். மின்சாரம் வந்து வந்து போகிறது. தொலைபேசி வேலை செய்யவில்லை. வெளியே மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். மென்பொருளை எழுதியவர் வேறொரு நாட்டில் இருக்கிறார். அந்த நேரத்தில் எட்டுப் படிகளையும் கையால் செய்யச் சொல்வது நியாயமா? சஹனவின் பிற்காலப் பதிப்புகளில் உலாவியில் திறக்கும் ஒரு நிறுவல் பக்கம் வந்தது. தரவுத்தளச் சேவையகம் எங்கே இருக்கிறது, அதன் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் என்ன என்பன போன்ற சில விபரங்களை மட்டும் அது கேட்கும். அட்டவணைகளை ஆக்குவதையும் அமைப்புக் கோப்பை எழுதுவதையும் தானே செய்துவிடும். அனர்த்த முகாமில் இது அலங்காரமல்ல. காணாமற்போன ஒரு பிள்ளையின் பெயர் இன்று பதியப்படுமா, மூன்று நாள் கழித்துப் பதியப்படுமா என்பதை இந்தப் பக்கம் தீர்மானிக்கிறது.

டெபியன் காட்டிய வழி

சஹன போன்ற ஒரு மென்பொருள் தனக்கென்று ஒரு நிறுவல் பக்கத்தை எழுதிக்கொள்ளலாம். தரவுத்தளம் தேவைப்படும் மென்பொருள்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் ஒவ்வொன்றும் இதே வேலையைத் தனித்தனியே எழுத வேண்டுமா? இந்தக் கேள்விக்கு ஒழுங்கான விடை தந்தது டெபியன் என்னும் பணிசெயல் முறைமை. 1993 இல் இயன் மர்டொக் தொடங்கிய இம்முறைமையைத் தொண்டர்களே இன்றுவரை நடத்துகிறார்கள். 2023 இல் வெளிவந்த அதன் 12 ஆம் பதிப்பில் 60,000 க்கும் மேற்பட்ட மென்பொருள் பொதிகள் உள்ளன. நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கும் உபுண்டு இதன் வழிவந்ததே.

டெபியனில் ஒரு பொதியை நிறுவும்போது அதனுடன் வரும் சிறிய நிரல்கள் நிறுவலுக்கு முன்னும் பின்னும், நீக்கலுக்கு முன்னும் பின்னும் ஓடும். 2000களின் நடுப்பகுதியில் ஷோன் ஃபின்னி என்பவர், தரவுத்தளம் தேவைப்படும் எல்லாப் பொதிகளுக்கும் பொதுவான ஒரு நிரல்தொகுதியை எழுதினார். அதன் பெயர் டிபிகொன்ஃபிக்-கொமன். பொதியை ஆக்குபவர் தம் அட்டவணைக் கட்டளைகளைக் குறித்த ஓர் இடத்தில் வைத்தால் போதும். மிகுதியை இந்தப் பொது நிரல் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு வயற்காரரும் தனித்தனியே குளம் வெட்டாமல் எல்லோரும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பதுபோல.

விடுமுறையில் ஒரு பழைய மடிக்கணினியில் இதைச் செய்து பார்த்தேன். தரவுத்தளங்களை உலாவி வழியே பார்க்க உதவும் பிஎச்பிமைஅட்மின் என்ற பொதியை நிறுவினேன். அது என்னிடம் கேட்டவை மூன்றுதான். எந்த இணையச் சேவையகத்தோடு இணைக்க வேண்டும்? தரவுத்தளத்தை நானே அமைக்கட்டுமா? இந்த மென்பொருளுக்கு என்ன கடவுச்சொல் வைக்க வேண்டும்? மூன்றாவது கேள்விக்கு விடையை வெறுமையாக விட்டேன். அப்படி விட்டால் அது தானாகவே எழுந்தமானமான நீண்ட கடவுச்சொல் ஒன்றை ஆக்கி, தரவுத்தளத்திலும் அமைப்புக் கோப்பிலும் ஒரே மாதிரி எழுதிவிடுகிறது. ஓரெழுத்துப் பிழைக்கு இடமே இல்லை. அந்தக் கடவுச்சொல் என்னவென்று எனக்கும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

இதைப் பார்த்து நான் வியந்தது வேகத்தை அல்ல, அதன் அடக்கத்தை. நான்கு இடங்களில் அந்த அடக்கம் தெரிகிறது.

முதலாவது, சாவியைப் பற்றியது. தரவுத்தளத்தை உருவாக்க நிர்வாகியின் கடவுச்சொல் தேவைப்பட்டால் அது கேட்கும், பயன்படுத்தும், பிறகு தன் நினைவிலிருந்து அழித்துவிடும். நாமாகச் சொன்னாலன்றி அதை வைத்திருப்பதில்லை. மென்பொருளுக்குக் கொடுப்பது அதன் சொந்த அறையின் சாவியை மட்டுமே. வீட்டின் எல்லாப் பூட்டையும் திறக்கும் சாவியை எவரிடமும் விட்டுவைப்பதில்லை.

இரண்டாவது, பழுது ஏற்படும் நேரம். தரவுத்தளச் சேவையகம் இயங்காமல் இருந்தாலோ கடவுச்சொல் பிழைத்தாலோ, பாதியில் விட்டுவிட்டு ஓடிவிடாமல் மீண்டும் முயலவா, நிறுத்தவா, இந்தப் படியை விட்டுவிட்டுத் தொடரவா என்று கேட்கிறது.

மூன்றாவது, புதுப்பித்தல். மென்பொருளின் புதிய பதிப்புக்கு அட்டவணைகளில் மாற்றம் தேவைப்படலாம். இருக்கும் தரவுகளை அழிக்காமல் வயலின் வரம்பை மாற்றிக்கட்ட வேண்டும். அது முதலில் பழைய தரவுத்தளத்தின் ஒரு பிரதியை எடுத்து ஓரிடத்தில் வைக்கிறது. பிறகு பதிப்பு வரிசைப்படி, ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று என்று மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்கிறது.

நான்காவது, நீக்குதல். மென்பொருளை முற்றாக அகற்றும்போது தரவுத்தளத்தையும் அழிக்கவா என்று கேட்கிறது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது எடுத்துக்கொள்ளும் விடை 'வேண்டாம்' என்பதே. மென்பொருளை மறுபடியும் நிறுவலாம். அழிந்த தரவைத் திரும்பப் பெற முடியாது. இந்த வேறுபாட்டை உணர்ந்து எழுதிய நிரல் அது.

இன்னொரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். நிறுவல் நிரலை ஒருவர் தவறுதலாக இரண்டு முறை ஓடவிட்டால் என்னவாகும்? மோசமாக எழுதியது என்றால் இரண்டாம் முறை பழைய அட்டவணைகளை அழித்துப் புதிதாக ஆக்கிவிடும். நன்றாக எழுதியது 'இல்லாவிட்டால் மட்டும் ஆக்கு' என்று சொல்லும். எத்தனை முறை செய்தாலும் ஒருமுறை செய்ததுபோலவே விளைவு இருக்க வேண்டும் என்பது தானியங்கி வேலைகளுக்கெல்லாம் பொதுவான ஒரு விதி.

நூலகங்களுக்கு ஒரு நன்கொடை

இவ்வழியில் வந்த ஒரு மென்பொருள் எங்களைப் போன்ற பாடசாலைகளுக்கு நேரடியாகப் பயன்படும். நியூசிலாந்தில் ஹொரோவெனுவா என்ற பகுதியின் நூலக அறக்கட்டளை, தன் பழைய நூலக மென்பொருள் 2000 ஆம் ஆண்டைத் தாண்டி இயங்காது என்று அறிந்து, 1999 இல் புதியதொன்றை எழுதுவித்தது. 2000 ஜனவரியில் அது பாவனைக்கு வந்தது. மாவோரி மொழியில் நன்கொடை என்று பொருள்படும் 'கோஹா' என்ற பெயரைச் சூட்டி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். இன்று இலங்கைப் பல்கலைக்கழக நூலகங்கள் பலவற்றில் கோஹா இயங்குகிறது.

டெபியன் கணினியில் கோஹாவை நிறுவிய பின், ஒரு நூலகத்துக்கான தரவுத்தளத்தை ஆக்க ஒரே ஒரு கட்டளை போதும். நூலகத்தின் பெயரை அதில் கொடுத்தால், அதற்கென்று தனித் தரவுத்தளம், தனிப் பயனர், கடவுச்சொல், அமைப்புக் கோப்பு யாவும் உருவாகும். பிறகு உலாவியில் சில கேள்விகளுக்கு விடையளித்தால் அட்டவணைகளும் நிரம்பும். ஒரே கணினியில் பல நூலகங்களை ஒன்றோடொன்று கலக்காமல் வைக்கவும் முடியும். காக்காவின் தலைக்குள் இருந்ததைவிட அதிகமான படிகள் அந்த ஒரு வரிக்குள் அடங்கியிருக்கின்றன.

கேட்காமல் செய்தால்

இவ்வளவும் வாசித்தபின், எல்லாவற்றையும் கணினியே கேட்காமல் செய்துவிட்டால் இன்னும் நல்லதல்லவா என்று தோன்றலாம். அப்படியல்ல என்பதற்கு 2017 ஜனவரி சான்று. மொங்கோடிபி என்ற தரவுத்தள மென்பொருள் நிறுவுவதற்கு மிக எளிது என்று பெயர் பெற்றது. அதன் இயல்பிருப்பில் கடவுச்சொல் இல்லை. நிறுவியவர்கள் பலர் பிறகு வைக்கலாம் என்று விட்டார்கள், அல்லது வைக்க வேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. அந்த மாதம், இணையத்தில் திறந்தபடி கிடந்த பல்லாயிரக்கணக்கான மொங்கோடிபி தரவுத்தளங்களுக்குள் ஆட்கள் புகுந்தார்கள். தரவுகளை அழித்துவிட்டு, திரும்ப வேண்டுமானால் பணம் அனுப்பு என்று ஒரு குறிப்பை வைத்துவிட்டுப் போனார்கள். பணம் கொடுத்தவர்கள் பலருக்கும் தரவு திரும்பக் கிடைக்கவில்லை. ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதன் விலை அது.

அதே மாதத்தின் கடைசி நாளில் இதற்கு நேர்மாறான ஒரு சம்பவமும் நடந்தது. மென்பொருள் எழுதுவோர் தம் நிரல்களைச் சேமிக்கும் கிட்லேப் நிறுவனத்தில், இரவு வெகுநேரம் வேலை செய்துகொண்டிருந்த பொறியியலாளர் ஒருவர், வெறுமையாக்க வேண்டிய சேவையகம் என்று எண்ணி, உண்மையில் இயங்கிக்கொண்டிருந்த சேவையகத்தின் தரவுத்தளத்தைக் கையால் அழித்துவிட்டார். சில விநாடிகளில் உணர்ந்து நிறுத்தியும் பயனில்லை. தானாக எடுக்கப்படுவதாக நம்பியிருந்த காப்புப் பிரதிகள் பல காலமாக எடுக்கப்படவே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. தற்செயலாக ஆறு மணித்தியாலங்களுக்கு முன் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதிதான் அவர்களைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணித்தியாலத் தரவு போனது போனதுதான். நிறுவனம் இதை மறைக்காமல் உலகுக்கு விபரமாக எழுதியது. மற்றவர்கள் பாடம் படிக்க அது உதவிற்று.

இந்த இரண்டு சம்பவங்களையும் சேர்த்துப் பார்த்தால் எல்லைக்கோடு எங்கே என்று தெரியும். ஒரே மாதிரித் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளில் மனிதர் களைத்துப் பிழைவிடுவார். அவற்றைக் கணினியிடம் கொடுக்க வேண்டும். யார் உள்ளே வரலாம், எதை அழிக்கலாம் என்பவை பொறுப்போடு தீர்மானிக்க வேண்டியவை. அவற்றைக் கணினி மனிதரிடம் கேட்க வேண்டும். மனிதரும் கேள்வியை வாசித்து விடையளிக்க வேண்டும். 'அடுத்து, அடுத்து' என்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்திப் போனால் கேள்வி கேட்கப்பட்டும் கேட்கப்படாததுபோலத்தான். ஒரு நூலகத்தின் அங்கத்தவர் பட்டியலில் எத்தனையோ பிள்ளைகளின் பெயரும் முகவரியும் தொலைபேசி இலக்கமும் இருக்கும். அவை நம்முடையவை அல்ல, நம்மிடம் தரப்பட்ட அமானிதம்.

நாம் செய்யக்கூடியவை

இதெல்லாம் பெரிய நிறுவனங்களின் விஷயம் என்று தோழியர் எண்ண வேண்டாம். பாடசாலையிலோ ஊர் நூலகத்திலோ ஒரு கணினியில் ஏதாவது மென்பொருள் நிறுவப்படும்போது நாம் மூன்று காரியங்களைச் செய்யலாம்.

ஒன்று, எந்தெந்தப் படிகளில் அது நிறுவப்பட்டது என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, கணினிக்கு அருகிலேயே கோவைப்படுத்தி வைப்பது. கடவுச்சொற்களை அந்தத் தாளில் எழுதாமல், பொறுப்பாசிரியரிடம் மூடிய உறையில் கொடுப்பது. தானியங்கி நிரல் என்பது வேறொன்றுமில்லை, கணினி வாசிக்கக்கூடியபடி எழுதிய இந்தத் தாள்தான். தாளை ஒழுங்காக எழுதப் பழகியவருக்கு நிரல் எழுதுவது ஓரடி தூரம்.

இரண்டு, முதல் நாளே ஒரு தமிழ்ப் பெயரையும் ஒரு சிங்களப் பெயரையும் பதிந்து, கணினியை நிறுத்தி, மீண்டும் இயக்கி, அவை அப்படியே இருக்கின்றனவா என்று பார்ப்பது. கேள்விக்குறி வந்தால் அன்றைக்கே திருத்தலாம்.

மூன்று, தவணைக்கு ஒருமுறை காப்புப் பிரதியை வேறொரு கணினியில் நிறுவிப் பார்ப்பது. பென் டிரைவில் இருப்பது உண்மையில் உயிரோடிருக்கும் பிரதியா என்பது அப்போதுதான் தெரியும். இந்தப் பரிசோதனையை நிறுவியவரே செய்யக்கூடாது. அந்தத் தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, முன்பு செய்து பழகாத ஒரு மாணவி செய்ய வேண்டும். அவளால் முடிந்தால் நம் ஏற்பாடு சரி. அவள் எந்தப் படியில் நின்றுவிடுகிறாளோ அந்தப் படியைத் தாளில் இன்னும் தெளிவாக எழுத வேண்டும்.

உயர்தரப் பரீட்சை முடிந்ததும் நாமும் இக்கல்லூரியை விட்டுப் போகிறவர்கள்தான். பல்கலைக்கழகம், ஆசிரியர் பயிற்சி, திருமணம், தொழில் என்று ஆளுக்கொரு திசை. பத்தாம் ஆண்டுத் தங்கையொருத்தி நாம் இல்லாத ஒரு நாளில் அந்தக் கணினியை இயக்கி, தனக்கு வேண்டிய புத்தகம் எந்த அலுமாரியில் இருக்கிறது என்று தேடுவாள். அவளுக்குத் தமிழில் விடை கிடைக்க வேண்டும். அதற்கான வேலையை நாம் இருக்கும்போதே செய்து வைப்போம்.